எழ முடியாத கடுகு

ஒரு காட்டில், மூங்கில் புதரை ஒட்டி, செம்பி என்ற காட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. கோழிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே! தாய்க்கோழி தீனியைக் கொண்டுபோய் ஊட்டாது. மண்ணைக் கிளறிவிட்டு, "கொக் கொக்" என்று கூப்பிடும். குஞ்சுகள்தான் ஓடிவர வேண்டும்.

செம்பியின் கடைக்குட்டிக்குப் பெயர் கடுகு. ஒருநாள் காலையில் அதன் கால்கள் திடீரென்று துவண்டுவிட்டன. எழுந்தது, விழுந்தது. மறுபடி எழப் பார்த்தது, முடியவில்லை.

"அம்மா, கால் நிக்க மாட்டேங்குது!" என்று அழுதது.

செம்பிக்குப் பகீரென்றது. மரக்கிளையில் தோகையை நீவிக்கொண்டிருந்த மயிலிடம் ஓடி யோசனை கேட்டது.

"எல்லாம் நீ குடுக்கிற செல்லம்," என்றது மயில், குஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "தள்ளி நின்னு கூப்பிடு. பசிச்சா தானா எழுந்து வரும்."

செம்பி கறையான் புற்றருகே போய்க் கூப்பிட்டது. மற்றக் குஞ்சுகள் அடித்துப் பிடித்து ஓடிவந்து தின்றுதீர்த்தன. கடுகோ சிறகை மண்ணில் ஊன்றி ஊன்றித் தவித்தது. பாவம், ஒரு புழுகூட அதன் வாயில் படவில்லை. உச்சி வெயில் ஏறுவதற்குள் குரலும் கம்மிவிட்டது.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு கீரி கேட்டுக்கொண்டிருந்தது. 'தாயின் குரல் அங்கே, பிள்ளையின் குரல் இங்கே. நடுவில் எவ்வளவு இடம்!' என்று சப்புக்கொட்டியது.

பிறகு தூரத்தில் நின்றபடியே குழைந்தது: "அக்கா, நீங்க இவ்வளவு பக்கத்துல நின்னா புள்ள எப்படி எழும்? ஓடைக்கரைக்குப் போய்க் கூப்பிடுங்க."

வேறு நேரமாக இருந்தால் செம்பி கீரியை நம்பியிருக்காது. பதற்றத்தில் யார் என்ன சொன்னாலும் சரியென்றே பட்டது. ஓடைக்கரையில் நின்று கூப்பிட்டது. "ம்மா..." என்று மெல்லிய கீச்சுக்குரல் வந்தது. மறுபடி கூப்பிட்டது. இந்த முறை பதிலே இல்லை.

வழக்கமாவது மண்ணாவது! செம்பி அலறியடித்துப் பறந்து வந்தது. கடுகு தலையை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு தாவலில் கவ்விவிடும் தூரத்தில் கீரி பதுங்கியிருந்தது.

மோதினால் நடுவில் குஞ்சு நசுங்கிவிடும். செம்பி சட்டென்று, காலையிலிருந்து கடுகு விழுந்ததைப் போலவே, கால்களை மடக்கித் தொப்பென்று விழுந்தது.

"ஐயோ, எனக்கும் கால் போயிடுச்சே!"

கீரியின் கண்கள் விரிந்தன. கையளவு குஞ்சு எங்கே, கொழுத்த கோழி எங்கே! செம்பியின் மேல் பாய்ந்தது. செம்பி புரண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தது. கீரி மறுபடி பாய்ந்தது. வாலிறகு ஒன்று அதன் வாயோடு போனது. இப்படியே அதை ஓடைக்கரை வரை இழுத்துக்கொண்டு போய், கீரி கடைசியாகப் பாய்ந்தபோது செம்பி விருட்டென்று மேலே பறந்துவிட்டது. கீரி தலைகுப்புற ஓடைக்குள் விழுந்தது. வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று.

செம்பி இப்போது கூப்பிடவில்லை. கறையானை அலகில் கவ்விக்கொண்டு வந்து கடுகின் வாயில் வைத்தது. இளந்தளிரைக் கிள்ளி வந்து ஊட்டியது. வழுக்காமலிருக்கக் காய்ந்த புல்லைக் காலடியில் பரப்பியது.

"தள்ளிப் போங்கடா, தம்பியை மிதிக்காதீங்க!" என்று மற்றக் குஞ்சுகளை அதட்டியது.

"இப்படி ஊட்டினா அது எழவே எழாது," என்றது மேலேயிருந்து மயில். செம்பி காதில் வாங்கவில்லை.

எப்படியோ கரையேறிய கீரி மறுநாளே திரும்பி வந்தது. பழைய புதருக்குள் பதுங்கி, தூரத்திலிருந்து தாய் கூப்பிடும் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நாளெல்லாம் காத்தும் அந்தக் குரல் கேட்கவில்லை. பட்டினியோடு வேறு காட்டைத் தேடிப் போய்விட்டது.

சில நாள் கழித்து ஒரு காலையில், தாயின் மார்பில் சாய்ந்தபடி கடுகு ஆடி ஆடி எழுந்து நின்றது.

நீதி: எழ முடியாதவரை 'வா' என்று கூப்பிடாதே; நீயே அவரிடம் போ.