நடுவில் நின்ற மறுப்பு

முன்பொரு காலத்தில், கடலோர நாடொன்றில் திருமேனி என்றொரு விகடகவி இருந்தான். சபையில் அவன் வாய் திறந்தால் சிரிப்பு. சபை கலைந்தால் அவனோடு பேச ஆள் கிடையாது. எங்கே தங்களையும் கேலி செய்துவிடுவானோ என்று எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். மாலையானால் அவன் குதிரை லாயத்துக்குப் போவான். கப்பலில் குதிரைகளோடு வந்து சேர்ந்த ஓர்கான் என்ற துருக்கியன் அங்கே வேலை பார்த்தான். அவன் பேச்சு யாருக்கும் விளங்காது. துணையில்லாத அந்த இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் மெல்லக் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் அரசரின் வெள்ளைக் குதிரையைக் காணவில்லை. லாயத்தில் இருந்த ஓர்கான்மேல் சந்தேகப்பட்டு, கட்டி இழுத்துவந்து சபையில் நிறுத்தினார்கள். துருக்கி மொழி தமக்கு அத்துப்படி என்று சொல்லித் திரிந்த அமைச்சர் வாகீசர் மொழிபெயர்க்க வந்தார்.

“குதிரை எங்கே என்று தெரியுமா, கேளும்” என்றார் அரசர்.

“பில்மியோரும்” என்றான் ஓர்கான்.

“தெரியும் என்கிறான், பிரபு.”

“தெரிந்தால் சொல்லட்டும்.”

“பில்மியோரும்.” பயத்தில் ஓர்கானுக்குக் கற்ற தமிழும் மறந்துபோயிருந்தது.

“மறுபடியும் தெரியும் என்கிறான். இடத்தை மட்டும் மறைக்கிறான்.”

“இவன் கையை வெட்டுங்கள்” என்றார் அரசர்.

திருமேனி எழுந்தான். சபை சிரிக்கத் தயாரானது.

“மன்னா, அவன் தெரியாது என்றுதான் சொல்கிறான். ‘பிலியோரும்’ என்றால் தெரியும். நடுவில் ‘மி’ வந்து ‘பில்மியோரும்’ ஆனால் தெரியாது.”

வாகீசருக்குத் திருமேனியைக் கண்டாலே ஆகாது. “மறுப்பு சொல்லின் கடைசியில் அல்லவா வரும்? நடுவில் போய் ஒளியுமா? உண்மையானால், அந்த மொழியிலேயே அரசரின் கட்டளையை இந்த விகடகவி மறுத்துக் காட்டட்டும்” என்றார். மறுத்தால் ராஜத்துரோகம், மறுக்காவிட்டால் பொய்யன் என்பது அவர் கணக்கு.

அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. “அப்படியே மறுத்துக் காட்டு. திருமேனி, அருகே வா.”

“கெல்மியோரும்.”

வாகீசர் முந்திக்கொண்டார். “வருகிறேன் என்கிறார், பிரபு.”

திருமேனி நின்ற இடத்திலேயே நின்றான்.

“வருகிறேன் என்றவன் ஏன் வரவில்லை, வாகீசரே?” என்றார் அரசர்.

அரசர் திருமேனியை மீண்டும் அழைத்தார். “கெலியோரும்” என்று ‘மி’யை விட்டுச் சொல்லித் திருமேனி நேரே நடந்து வந்து வணங்கினான்.

“அரசர் அழைத்தும் முதலில் நின்றது குற்றம்” என்றார் வாகீசர்.

“மறுத்துக் காட்டச் சொன்னதும் அரசர்தானே, ஐயா. அந்தக் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன்.”

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓர்கானின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். அன்றே ஆற்றங்கரைத் தோப்பில் குதிரையும் அகப்பட்டது. திருமேனிக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, “வேறென்ன வேண்டும்?” என்று கேட்டார்.

“ஓர்கானை ஊருக்கு அனுப்புங்கள், மன்னா. பெற்ற மகளை நினைத்துத் தினமும் அழுகிறான்.”

“அவனும் போய்விட்டால் உனக்கு யார்?”

திருமேனி எவ்வளவோ யோசித்தும் வாயில் ஒரு விகடமும் வரவில்லை.

கப்பல் புறப்பட்ட அன்று ஓர்கான் அவனைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றான். பாய்மரம் கண்ணுக்கு மறைந்த பிறகும் திருமேனி கரையிலேயே இருந்தான். அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். அரசர் சிரிக்க விரும்புகிறாராம். முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டு அவன் நடந்தான்.