களிச்சட்டியின் காந்தல்

கர்ரக்... கர்ரக்... கர்ரக்.

இருட்டிய பிறகு மடத்து வளாகத்தில் கேட்கிற சத்தமெல்லாம் அமலிக்குத் தெரியும். மரநாய் ஓட்டைப் புரட்டுவது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்கும் லாரி கியர் மாற்றுவது. இது அதில் எதிலும் சேரவில்லை. யாரோ இரும்பால் இரும்பைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. நாலு தேய்ப்பு. மூச்சு வாங்குகிற நேரம். மறுபடியும் நாலு தேய்ப்பு.

கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் கையைப் போட்டாள். கட்டிலில் விரித்த வெறும் பாய்தான் தட்டுப்பட்டது. ரெமி இல்லை.

கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது.

முதலில் கிணற்றடிக்குத்தான் ஓடினாள். கம்பி வலை போட்டது போட்டபடி இருந்தது. கேட்டுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. அப்புறம்தான் அந்தச் சத்தம் தன் அறைக்குப் பத்தடி தள்ளியிருக்கிற சமையற்கட்டிலிருந்து வருகிறது என்று புத்திக்கு எட்டியது.

சமையற்கட்டு வாசற்படியில் சலேத் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அமலியைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, இன்னொரு கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

உள்ளே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் களி கிண்டிய பெரிய சட்டியைக் காலிரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, தலையை அதற்குள் விட்டு, ரெமி கரண்டியால் அடிக்காந்தலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டியதை வழித்து வாயில் போட்டான். சப்புக்கொட்டினான். மறுபடி சுரண்டினான்.

அவனுக்கு மூன்று வயது முடிய இரண்டு மாதம் இருந்தது.

சலேத் சிஸ்டர் அந்த மடத்தின் ஊட்டச்சத்து மையத்தை நடத்துகிறவர். அடிவாரத்து ஊர்களில் மெலிந்து போன பிள்ளைகளைத் தேற்றிக் கொடுப்பது அவர் வேலை. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை என்று தனித்தனியாக வறுத்து அரைத்து அவர் செய்கிற சத்துமாவுக்கு அந்தப் பக்கத்தில் பெயர் உண்டு. அமலியைவிட ஏழு வயதுதான் மூத்தவர். அமலி அவரிடம் வேலை பழக வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வெளியூர். அதனால் மடத்தை ஒட்டிய அறையிலேயே பிள்ளையோடு தங்கியிருந்தாள்.

"எத்தனை நாளா சிஸ்டர்?" அமலி காற்றாகக் கேட்டாள்.

"இன்னைக்கு மூணாவது ராத்திரி."

"மூணு நாளா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லியிருந்தா நோட்டைத் தூக்கிட்டு வந்திருப்ப."

அமலியிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. ரெமி எத்தனை மணிக்கு எத்தனை ஸ்பூன் குடித்தான், எவ்வளவு துப்பினான், எந்த டப்பா மாவு, எந்த டானிக் என்று கோடு போட்டு எழுதிய நோட்டு. இரண்டு மாதமாக அவன் எடை அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, பூச்சி மருந்தும் இரும்புச்சத்து சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்து, "அடுத்த மாசம் பார்க்கலாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். பயப்படுகிறவளுக்கு அதுவே போதாதா? அன்றைக்கே மூன்று டப்பா வாங்கினாள்.

"அது நம்ம மாவா சிஸ்டர்?"

"நம்ம மாவுதான். முதல் நாள் சட்டியை ஊறப் போட மறந்துட்டேன். மத்த ரெண்டு நாளும் மறக்கல, போடல. அவன் வர்ற நேரத்துக்கு இங்க வந்து உக்காந்துக்குவேன். முடிச்சதும் தூக்கிட்டுப் போய் உன் பக்கத்துல படுக்க வெச்சிடுவேன். நீ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவ."

"அதே மாவுதான் சிஸ்டர் காலையில! நெய் விட்டு, வெல்லம் போட்டு, முக்கால் மணி நேரம் பின்னாடியே ஓடி ஓடி... என் மூஞ்சியிலயே துப்பினான்."

"பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் உன் கண்ணாடியில ஒட்டியிருந்துச்சு."

அதற்குள் சட்டி காலியாகிவிட்டது. "தித்தர், தீந்து போச்சு" என்று ரெமி தலையை வெளியே எடுத்தான். மூக்கில் களி, புருவத்தில் களி. சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் அம்மாவைப் பார்த்தான்.

கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

அமலிக்கு அந்த ராத்திரி முழுவதும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எடை போடுகிற நாள். அடிவாரத்து ஊர்களிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மா என்பவள் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு புலம்பினாள்.

"ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது டீச்சர். மூக்கைப் பிடிச்சு ஊத்தட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க்கா. புரையேறிடும்" என்றாள் அமலி, அட்டையில் புள்ளி வைத்தபடியே. "கோடு ஒழுங்கா ஏறிட்டுத்தான் இருக்கு. முன்னாடி வெச்சிட்டு விடுங்க. பசிச்சா தானா எடுக்கும்."

பேச்சியம்மா முகம் தெளிந்து மாவுப் பொட்டலத்தோடு போனாள். தராசுப் பக்கம் நின்ற சலேத் சிஸ்டர் அமலியைப் பார்த்தார். அமலி பேனாவுக்கு மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்தபின் அவளால் அடக்க முடியவில்லை.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நம்ம மாவைத் தின்னு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் தேறுது. என் பிள்ளைக்கு எவ்வளவு குடுத்தா தேறுவான்? அளவை மட்டும் சொல்லுங்க. நான் எப்படியாவது உள்ள அனுப்பிடுறேன்."

"சாப்பிட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"உக்காரு."

சிஸ்டர் ஒரு தட்டில் சோறும் கீரைக் கடைசலும் போட்டு எடுத்துவந்தார். அமலிக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தார். அமலியின் நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆ காட்டு."

"சிஸ்டர்!"

"ஆ காட்டு கண்ணு. தங்கம்ல? இந்த ஒரு வாய்தான்."

அமலிக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிக்கொண்டாள். சிஸ்டர் நோட்டில் குறித்தார். "பன்னிரண்டு நாற்பது. ஒரு வாய். ஒழுங்காக முழுங்கியது." அடுத்த உருண்டை உடனே வந்தது. "இது அப்பாவுக்கு. இது மாதாவுக்கு. முழுங்கிட்டியா? எங்க, நாக்கைத் தூக்கு. கன்னத்துல அடக்கி வெச்சிருக்கியே, கள்ளி. இது யாருக்கு? லாரிக்கு. டுர்ர்ர்..."

மூன்றாவது வாய் வரை சிரிப்பாக இருந்தது. ஐந்தாவதில் தொண்டை அடைத்தது. சிஸ்டர் கண் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, இந்த உருண்டை இறங்காவிட்டால் உலகமே முடிந்தது என்பதுபோல் பார்த்தார். அது யாருடைய முகம் என்று அமலிக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பார்க்காதீங்க சிஸ்டர். இறங்க மாட்டேங்குது."

"நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா? எல்லாம் உன் மேல உள்ள பாசம்தானே? எலும்பும் தோலுமா நிக்கிற. ஆ."

ஆறாவது உருண்டை வந்தது. அமலி தன்னை அறியாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்திய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சிஸ்டர் உருண்டையைத் தட்டில் வைத்தார். தட்டை அவள் பக்கம் தள்ளினார். எழுந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் பாசிப்பயறு புடைக்க ஆரம்பித்தார். கூடவே ஏதோ ஒரு மாதா பாட்டை ராகம் தவறி முணுமுணுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டர், கீரை இன்னும் இருக்கா?"

"சட்டியில இருக்கு. எடுத்துக்க."

அமலி எடுத்துப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு வந்து கேட்டாள்.

"டப்பாவை எல்லாம் தூக்கிப் போட்டுடவா?"

"ஏன், டப்பா உன்னை என்ன பண்ணுச்சு? வேணுமா வேண்டாமான்னு டாக்டரைக் கேளு. அவர் குடுத்த சொட்டு மருந்தை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாத. எடையை மாசத்துக்கு ஒரு தடவை நான் போட்டு அட்டையில குறிக்கிறேன். நீ இந்தப் பயறுல கல்லு இருக்கான்னு பாரு."

அன்றைக்குச் சாயங்காலம் சிஸ்டர் அமலியின் அறைக்கு வந்தார். ஒரு கையில் களி ஒட்டிய சின்னச் சட்டி. இன்னொரு கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் இஞ்சி தட்டுகிற சின்ன இரும்புக் குழவியும்.

"இது சூடா இருக்கு. கீழ வைக்க ஏதாவது குடு."

அமலி துணி தேடுவதற்குள் சிஸ்டர் அலமாரியிலிருந்து அந்த நோட்டை உருவித் தரையில் போட்டு, அதன் மேல் சட்டியை வைத்துவிட்டார்.

"சிஸ்டர், அது..."

"அளவு சரியா இருக்கு."

ரெமி கட்டிலுக்கு அடியிலிருந்து சட்டியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். நகரவில்லை.

சிஸ்டர் கதவுக்குப் போனார். அதன் தாழ்ப்பாள் வளைந்து போய் ஆறு மாதம் ஆகிறது. ஒரு ராத்திரி ரெமிக்குக் காய்ச்சல் ஏறி, கைகால் வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓட வந்த அமலிக்குத் தாழ் நகரவில்லை. அது துருப்பிடித்துக் கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில் சிஸ்டர் ஓடிவந்து வெளியிலிருந்து தோளால் மோதித்தான் கதவைத் திறந்தார். பிள்ளை பிழைத்தது. காய்ச்சலில் வருகிற இழுப்பு இது, வளர வளரப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அமலி அந்தக் கதவைத் தாழ் போட்டதில்லை. சாத்திவிட்டு, செருப்பையும் பர்ஸையும் உள்ளே கதவோரத்திலேயே வைத்துக்கொண்டு படுப்பாள்.

சிஸ்டர் வளைந்த தாழைக் குழவியால் தட்டினார். நாலு தட்டில் நிமிர்ந்தது. எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் இழுத்தார். முதலில் கிறீச்சிட்டது. அப்புறம் முனகியது. அப்புறம் பேச்சையே காணோம்.

"நான்தானே வளைச்சேன்" என்றார் சிஸ்டர். "ஒற்றை விரலால தள்ளிப் பாரு."

அமலி தள்ளிப் பார்த்தாள். போயிற்று. திரும்பவும் இழுத்துத் திறந்துவிட்டாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். ராத்திரியில திடீர்னு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் தூக்கிட்டு ஓடணுமே. திறந்தே இருக்கட்டும்."

சிஸ்டர் எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"நீ ஓடுறதுக்குத்தான் திறந்து வெச்ச, அமலி. அவன் அது வழியா சாப்பிடப் போனான்."

சொல்லிவிட்டு, குழவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அமலி வெகுநேரம் கதவருகிலேயே நின்றாள். பிறகு சும்மா சாத்திவிட்டு, விளக்கைத் தணித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சட்டி நோட்டின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தது. ரெமி அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான்.

எப்போது கண் அசந்தாளோ தெரியாது.

கர்ரக்.

முதுகுப் பக்கம் காலியாக இருந்தது. அமலி திரும்பவில்லை.

கர்ரக்... கர்ரக்...

அறைக்குள்ளேதான். நாலு எட்டு தூரத்தில். தலை தானாகத் திரும்பப் பார்த்தது. தலையணையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். எத்தனை வாய் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. எண்ணாமல் இருப்பதற்காகப் பாடத் தொடங்கினாள், சத்தமில்லாமல், சிஸ்டரின் அந்த ராகம் கெட்ட மாதா பாட்டை.

சுரண்டல் நின்றது. சின்னப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டி வந்தன. அவள் தலைமாட்டில் வந்து நின்றன. களியும் வெல்லமும் மணத்தது.

"ம்மா."

கண்ணை மூடிக்கொண்டே, "ம்" என்றாள்.

"ஆ காட்டு."

அமலி வாயைத் திறந்தாள். பிசுபிசுத்த ஐந்து விரலும் உள்ளே வந்து, ஒரு துண்டுக் காந்தலை நாக்கில் வைத்துவிட்டுப் போயின. லேசாகக் கருகியிருந்தது. இனித்தது.

"முழுங்கித்தியா?"

"முழுங்கிட்டேன் சாமி."

அவனுக்குத் திருப்தி. மேலே ஏறி, அவள் வயிற்றில் கால் போட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனான். மூடிய இமையோரமாக அவளுக்குக் கண்ணீர் ஒழுகிக் காதுக்குள் போயிற்று.

அவன் காலை மெல்ல எடுத்து வைத்துவிட்டு அமலி எழுந்தாள். கதவோரத்திலிருந்த பர்ஸை எடுத்து அலமாரியில் வைத்தாள். கதவை அழுத்திச் சாத்தி, ஒற்றை விரலால் தாழ்ப்பாளைத் தள்ளினாள். எண்ணெய் ஊறிய தாழ் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.