இரு கரைக்கும் ஒரே சட்டம்

ஆற்றுக்கு இந்தக் கரையில் மூங்கில்காடு, அந்தக் கரையில் தேக்குக்காடு. இரண்டு காட்டு விலங்குகளும் கூடி ஒரு சட்டம் போட்டிருந்தன. கெட்ட பண்டம் விற்றவர் நல்ல பண்டம் மாற்றித் தர வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை.

தேக்குக்காட்டு நரி ஆற்றைக் கடந்து வந்து மூங்கில்காட்டில் தினை விற்கும். மூட்டையின் மேலே மணி மணியாகத் தினை, அடியில் முழுக்க உமி. நரிக்குச் சொல்லியா தர வேண்டும்?

கோடையெல்லாம் சேர்த்த கிழங்கைக் கொடுத்து முயலம்மா ஒரு மூட்டை வாங்கினாள். மழைக்காலம் முடியும்வரை குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு. வீட்டில் அவிழ்த்துக் கொட்டினால் உமி பறந்தது.

மூங்கில்காட்டுக் காவலரான கரடியிடம் ஓடினாள்.

"நரி அக்கரைக்குப் போய்விட்டதே அம்மா. ஆற்றைத் தாண்டினால் எனக்கு அதிகாரம் இல்லை" என்றது கரடி.

தண்ணீர் குறைவாக ஓடிய துறையில் இறங்கி, தேக்குக்காட்டுக் காவலரான காட்டுப்பன்றியிடம் போனாள்.

"விற்றது உங்கள் கரையில். இங்கே அது ஒரு பிடி உமிகூட விற்கவில்லை. நான் எப்படிப் பிடிப்பேன்?" என்றது பன்றி.

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த நரி பல்லைக் காட்டியது. "முயலம்மா, போய்ச் சட்டத்தை வேகவைத்துக் குட்டிகளுக்குக் கொடு!"

முயலம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பன்றியைக் கையோடு ஆற்றுத்துறைக்கு அழைத்து வந்தாள். எதிர்க்கரையிலிருந்த கரடியையும் குரல் கொடுத்து வரவழைத்தாள்.

"சட்டம் போடும்போது ஒரே மரத்தடியில் உட்கார்ந்தீர்கள். பிடிக்கும்போது மட்டும் ஆளுக்கொரு கரையா? நீங்கள் ஆற்றைத் தாண்டவே வேண்டாம். அங்கே கொடுத்த புகாரை இங்கே கொடுத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்."

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. பன்றிதான் முதலில் தலையாட்டியது. கரடியும் ஒப்புக்கொண்டது.

மறுநாள் நரி புது மூட்டையோடு ஆற்றில் இறங்கியது. பாதி வழியில் நிமிர்ந்தால் எதிரே கரடி. வீட்டுக்கே போய்விடலாம் என்று திரும்பினால் அங்கே பன்றி. மேலே எங்கோ மழை போல, தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"கரடியண்ணே, நான் உங்கள் கரைக்காரன் இல்லையே."

"தெரியும். பன்றி சொல்லிவிட்டார்."

"பன்றியண்ணே, நான் உங்கள் கரையில் விற்கவில்லையே."

"தெரியும். கரடி சொல்லிவிட்டார்."

ஏறும் தண்ணீருக்குப் பயந்து நரி பன்றி நின்ற பக்கமே கரையேறியது. பன்றி கூடவே நடந்துபோய், நரியின் குகையிலிருந்த நல்ல தினையை எடுக்க வைத்து, தண்ணீர் வடிந்ததும் முயலம்மாவிடம் கொண்டு சேர்க்க வைத்தது. அன்று மாலை முயல்குட்டிகள் வயிறாரக் கஞ்சி குடித்தன.

சட்டம் எவ்வளவு நல்லதானாலும், அதைக் காப்பவர்கள் கைகோத்தால்தான் ஏமாந்தவருக்கு நியாயம் கிடைக்கும்.