பதினேழாம் நம்பர் நாற்காலி

நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளின் பேரில் எழுந்த வழக்கு இது. நடந்தது முழுவதும் கீழே இருக்கிறது. தீர்ப்பு உங்களுடையது.

திருப்பூரில் சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் துளசிமணி செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்குவது அந்த வேலை. அவளையும் சேர்த்து நாற்பது பெண்கள். காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரைக்குத்தான் கால் மடங்கும். பதினோரு வருடத்தில் துளசிமணியின் கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு புடைத்துவிட்டன. இனி உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விடுகிற நிலையில் அவள் வீடு இல்லை.

அந்த வருடம் ஒரு வெளிநாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் ஆகி, அங்கே போகும் பனியனுக்கு இருந்த இறக்குமதி வரி நீங்கியது. பெரிய ஆர்டர் ஒன்று சென்னியப்பனைத் தேடி வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: நின்று வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் இருக்கை வேண்டும், ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள்.

சென்னியப்பனிடம் இதற்குப் பழைய வழி ஒன்று இருந்தது. ஆடிட் நாளன்று, கல்யாணங்களுக்குப் பந்தல் போடும் அய்யாவு என்பவரிடமிருந்து நாற்பது நாற்காலிகள் வாடகைக்கு வரும். ஆடிட்டர் படம் எடுப்பார். சாயங்காலம் நாற்காலிகள் டெம்போவில் ஏறிவிடும். போன வருடம் துளசிமணி அப்படி அரை நாள் உட்கார்ந்தாள்.

இந்த முறை நாற்காலிகளின் முதுகில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. “அய்யாவு பந்தல்” என்ற பெயரும், ஒன்று முதல் நாற்பது வரை எண்ணும். மேனேஜர் தயங்கியபோது சென்னியப்பன் சிரித்தார்.

“வர்றவனுக்கு ஆனா தெரியுமா, ஆவன்னா தெரியுமா? விடப்பா.”

வந்தவர் பெயர் குகதாசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அந்த வெளிநாட்டில் குடியேறியவர்.

“இந்தக் கதிரையள் ஆரின்ர?” என்று கேட்டார்.

“கதிரா? இங்க ஏதுக்கா வயலு?” என்று முணுமுணுத்தாள் பக்கத்து மேசை ரேவதி.

“சேரைச் சொல்றாரு. கம்முனு இரு” என்றாள் துளசிமணி.

“முதுகில அய்யாவு பந்தல் எண்டு கிடக்கு” என்றார் குகதாசன்.

சென்னியப்பன் முன்னால் வந்தார். “நம்ம கம்பெனிதுதானுங்க. அய்யாவுகிட்டப் பழசா வாங்கினதுங்க.”

குகதாசன் துளசிமணி பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்கள் சொல்லுங்கோ.”

பக்கத்துத் தெருக் கம்பெனியில் ஒருத்தி உள்ளதைச் சொன்ன கதை துளசிமணிக்குத் தெரியும். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவளோடு இருநூறு பேர் வீட்டுக்குப் போனார்கள். இல்லாததைச் சொன்னாலோ, மறுநாள் எட்டரைக்கு மறுபடி நிற்க வேண்டும். இந்தத் தடவை சேர் போகக் கூடாது என்று காலையிலேயே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

“மொதலாளி சொன்னதை எழுதிக்குங்க சார். நம்பரும் போட்டிருக்குதுங்க. நான் படிக்கறேன், நீங்க எழுதுங்க.”

ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டு நாற்பது எண்களையும் படித்தாள். குகதாசன் எழுதினார், படம் எடுத்தார், கீழே சென்னியப்பனிடம் கையெழுத்து வாங்கினார்.

“அடுத்த முறை சொல்லிப்போட்டு வரமாட்டன். வந்தால் இதே இலக்கங்களைத்தான் தேடுவன்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் உறுதியானது.

சாயங்காலம் டெம்போவோடு அய்யாவு வந்தார். நாற்பது பெண்களும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். துளசிமணி பதினேழாம் நம்பரில் இருந்தாள்.

“எந்திரிங்க அம்மிணி, டெம்போ நிக்குது” என்றார் சென்னியப்பன்.

“கம்பெனி சேருன்னு நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டீங்க?”

“அது அவருக்குச் சொன்னதும்மா.”

“எங்க காதுலயும் விழுந்துச்சுங்களே.”

அய்யாவுக்குக் கோபம் வந்தது. “உங்க பஞ்சாயத்துல என்னை இழுக்காதீங்க. வித்தேன்னு நான் எப்பச் சொன்னேன்? வியாழக்கெழமை முகூர்த்தம். நாப்பது சேர் இல்லாமப் போனா பொண்ணு வீட்டுக்காரங்க நிக்கோணுமா?”

“ஒரு நாளுதானுங்கண்ணா, நிக்கட்டும். நாங்க பதினோரு வருஷமா நிக்கறோம்” என்றாள் துளசிமணி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “எங்களுக்கு இந்தச் சேருதான்னு இல்லீங்க. உக்கார ஏதோ ஒண்ணு. அது வர்ற வரைக்கும் இது நகராது.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாஞ் சாமி. அவரு சேரை அவருகிட்டக் குடுங்க” என்றார் சென்னியப்பன்.

அய்யாவு கேட்பது தன் பொருளை. துளசிமணி கேட்பது முதலாளி எழுதிக் கொடுத்த வார்த்தையை. சென்னியப்பனுக்கோ, வாடகைக்கு வந்தது வந்த வழியே போனால் போதும். அந்த நாற்பது நாற்காலிகள் அன்று மாலை எங்கே போயிருக்க வேண்டும்? மூவரில் அவை யாருக்கு வேண்டியவை?

விடை: நாற்காலிகள் அய்யாவுடையவை. அவரைக் கேட்காமல் சென்னியப்பன் சொன்ன பொய்யால் அவை கைமாறிவிடாது. ஆனால் மூவரும் பேசியதை மறுபடி பாருங்கள். அய்யாவுக்கு வியாழக்கிழமைக்குள் நாற்பது நாற்காலிகள் வேண்டும், எதுவானாலும் சரி. துளசிமணிக்கும் அப்படியே. ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்ட இதே நாற்காலிகள் இல்லாமல் முடியாதவர், தனக்கு ஒன்றும் வேண்டாம் என்ற சென்னியப்பன்தான். ஆகவே அவற்றை அய்யாவு சொல்லும் விலைக்கு வாங்க வேண்டியவர் அவரே. துளசிமணி அன்று ஒரு பொய்யும் சொல்லவில்லை; அவர் சொன்ன பொய்யை எண் போட்டு எழுத வைத்தாள், அவ்வளவுதான். “பதினேழாம் நம்பர் எங்கேன்னு அந்த ஆடிட்டர் வந்து கேட்டா, நீங்களே பதில் சொல்லிருங்க” என்று அவள் எழப்போனபோது, சென்னியப்பன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அய்யாவு கேட்ட விலையைக் கொடுத்தார். டெம்போ காலியாகத் திரும்பியது. வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கு அய்யாவு நாற்பது புது நாற்காலிகள் போட்டார். அவற்றின் முதுகில் நாற்பத்தொன்றிலிருந்து எண் எழுதியிருந்தது.