தொண்ணூற்றொன்பதில் நின்ற மயூரா

சரவணம்பட்டியில் இருக்கும் அந்த மென்பொருள் கம்பெனியின் கேன்டீனில் இஞ்சி டீ நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்று மணிக்கு அங்கே கூட்டம் சேர்வது டீக்காக இல்லை, குழந்தைவேலு அவிழ்த்துவிடும் புளுகுக்காக. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பிரவுசருக்குள் ஒரு படம் ஆட வேண்டும், பட்டனை அமுக்கினால் ஏதாவது நடக்க வேண்டும் என்றால், தனியாக ஒரு பிளக்-இன் போட்டாக வேண்டும். மயூரா பிளேயர் என்று அப்படி ஒன்று இருந்தது. அந்த மயூராவுக்குத் தானே சக்கரவர்த்தி என்று குழந்தைவேலு சொல்லிக்கொள்வார். மயூரா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. சக்கரவர்த்தி இன்னும் மெயின்டனன்ஸ் டீமில் மூலை சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு மரகதம் என்கிற மரகதவடிவு டீயைத் தொடவே இல்லை. அவினாசியில் நூற்பு இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனி, தன் ஆட்களைப் பழக்க மயூராவில் ஒரு அப்ளிகேஷன் வைத்திருந்தது. அதைப் பார்த்து அப்படியே புதிதாக எழுதித் தர வேண்டும். டீம் லீடாக அவளுக்கு இதுதான் முதல் வேலை. நாலு மணிக்கு அவினாசிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் எதிரில் பழசை ஓட்டிக் காட்டாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும், அவளுடைய லீட் பதவியும் கூடவே போய்விடும்.

மயூரா ஓடுகிற கிழட்டுக் கம்ப்யூட்டர் ஆபீஸில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் அந்த அப்ளிகேஷன் தொண்ணூற்றொன்பது சதவீதம் லோடாகி, இரண்டு நாளாக அப்படியே நிற்கிறது. யாராவது கையை வைத்து உள்ளதும் போய்விடப் போகிறதே என்று, ‘லோடு ஆகிறது, தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று அவளே மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். சோர்ஸ் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து டீமில் இன்னும் இங்கே இருப்பவர் குழந்தைவேலு ஒருவர்தான்.

“அண்ணா, அந்த அவினாசி அப்ளிகேஷன் நீங்க பண்ணதுதானுங்களே?”

“பின்னே? ஒத்தை ஆளு, அம்மிணி. அதுவும் இடது கையில. வலது கையில தயிர் சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

“அது ஏனுங்க தொண்ணூத்தொம்பதுல நிக்குது?”

குழந்தைவேலு டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “நிக்கிறதைப் பத்திப் பேசறியே, ஓடினதைப் பத்திக் கேளு. பொள்ளாச்சியில ஒரு குடைக் கடைக்கு மயூராவுல மழை பெய்ய வெச்சேன். பேஜைத் திறந்தா சோன்னு கொட்டும். காந்திபுரம் பிரவுசிங் சென்டர்ல எட்டு கீபோர்டு நனைஞ்சு போச்சு. ஓனரு ஓடி வந்து, ஏனுங்க, தூறலாக் குறைச்சுக்குங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு.”

எதிரில் உட்கார்ந்திருந்த டெஸ்டர் ஜெபராஜ் சமோசாவைக் கீழே வைத்தான். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். “குடை வித்துச்சாண்ணே?”

“எங்கே வித்துச்சு? கடைக்குள்ளயும் மழை. ஒருத்தனும் வெளிய கிளம்பல.”

மரகதம் மணியைப் பார்த்தாள். மூன்றே கால். “அண்ணா, அந்த தொண்ணூத்தொம்பது...”

“வர்றேன், வர்றேன். அதுக்கு முந்தி இந்த ஃபேன் கம்பெனிக்காரன் கதை. மவுஸை இழுத்தா ஃபேன் வேகம் கூடற மாதிரி ஒரு பேஜ் கேட்டான். செஞ்சு குடுத்தேன். காத்துன்னா காத்து, அப்ப இருந்த மானேஜரோட விக்கு பறந்து சர்வர் ரூம்ல போய் விழுந்துச்சு. அந்தக் கோடை முழுக்க ஆபீஸ்ல ஏசியே போடல.”

“நடுவுல கரண்ட் போயிருந்தா?” என்றான் ஜெபராஜ். “கம்ப்யூட்டரே அணைஞ்சு போயிருக்குமேண்ணே.”

“ஏன் அணையுது? பல்லடம் பக்கம் போனா கரண்ட் எடுக்கற காத்தாடி வரிசையா நிக்குதே, பாத்ததில்ல? ஃபேன் சுத்தற வேகத்துல அதுவே கரண்ட் எடுத்துச்சு, அந்தக் கரண்ட்ல கம்ப்யூட்டர் ஓடுச்சு. மிச்ச கரண்ட்ல கேன்டீன் கிரைண்டர்.”

சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மரகதத்துக்கு எரிச்சலாக வந்தது. தொண்ணூற்றொன்பது என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம் இந்த மனுஷன் டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதை அவள் கவனித்துவிட்டாள்.

“அண்ணா, மணி மூணரைங்க.”

“கல்யாண மண்டபம் ஒண்ணு,” என்றார் அவர், காதிலேயே வாங்காமல். “இலையை மவுஸால இழுத்துப் போட்டு, கரண்டியைக் கிளிக் பண்ணிப் பரிமாறிப் பாக்கற மாதிரி கேட்டாங்க. நான் வெச்ச சாம்பார் வாசத்துக்கு சிங்கப்பூர்ல ஒருத்தன் மூணு பந்தி உக்காந்துட்டான். அஜீரணம். டாக்டர்கிட்ட போனா, மாத்திரையெல்லாம் வேண்டாம், பிளக்-இன்னை அன்இன்ஸ்டால் பண்ணுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

“பண்ணானா?” என்றான் ஜெபராஜ்.

“பண்ணினான். ரெண்டு நிமிஷத்துல பசி வந்து, திரும்ப இன்ஸ்டால் பண்ணினான்.”

“இவ்வளவு பெரிய மயூராவை அப்புறம் ஏண்ணே மூடினாங்க?” ஜெபராஜ் விடவில்லை.

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினார். “என்னைக் கேட்டுத்தான் மூடினாங்க. உலகத்துல உள்ள பிரவுசர்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் பண்ணி, அண்ணா, இனி பிளக்-இன்னே வேண்டாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க. மத்தியானத் தூக்கம். சரி சரி, அப்புறம் பேசலாம்னேன். முதல் ரெண்டு வார்த்தையோட போனை வெச்சுட்டானுங்க.”

மரகதம் எழுந்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அவளும் மறைக்கவில்லை. “அண்ணா, எனக்கு இது விளையாட்டு இல்லீங்க. நாலு வருஷம் காத்திருந்து கிடைச்ச வேலை. இன்னும் இருபது நிமிஷத்துல போயிரும். தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.”

குழந்தைவேலு டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சக்கரவர்த்தி இறங்கிப் போய், அசட்டுச் சிரிப்பு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. “வா அம்மிணி,” என்று முன்னால் நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

கிழட்டுக் கம்ப்யூட்டர் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் சீட்டை ஒரு முறை படித்தார். பிறகு மவுஸைப் பிடித்து, கடன்காரன் வீட்டுக் கதவைத் தட்டுவது போல மூன்று தட்டுத் தட்டினார். அப்ளிகேஷன் திறந்துகொண்டது.



“அந்த லோடிங் பார் எதையும் அளக்காது,” என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. “சும்மா தொண்ணூத்தொம்பது வரைக்கும் எண்ணிட்டு நிக்கும். அந்தக் காலத்துல ஆளு ஒரு கிளிக் பண்ணினாத்தான் பிரவுசர் பிளக்-இன்னை வேலை செய்ய விடும்.”

“இங்கே கிளிக் செய்யவும்னு ஒரு வரி எழுதியிருக்கலாமேங்க?” என்றாள் மரகதம்.

“எதுக்கு? தொண்ணூத்தொம்பதுல நின்னா அப்ப எவன் சும்மா இருந்தான்? திட்டிக்கிட்டே மவுஸைப் போட்டுக் குத்துவான், தானாத் திறந்துக்கும். தொடாதீங்கன்னு சீட்டு ஒட்டி ரெண்டு நாள் மரியாதையாக் காத்திருப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?”

முதல் பக்கத்தில் உருவாக்கியவர்களின் பட்டியல் ஓட ஆரம்பித்தது. ஜெபராஜ் சத்தமாகப் படித்தான். வடிவமைப்புக்கு ஒரு பெயர், அனிமேஷனுக்கு ஒரு பெயர், புரோகிராமுக்கு ஐந்து பெயர். கடைசியில் சின்ன எழுத்தில்: லோடிங் பார், சி. குழந்தைவேலு, டிரெய்னி.

“ஒத்தை ஆளா, அதுவும் இடது கையிலன்னு சொன்னீங்களேண்ணே?”

“எட்டுப் பேரு பேரு இருக்குது, நல்லாப் படி,” என்றார் குழந்தைவேலு நெஞ்சை நிமிர்த்தி. “அதுல ரெண்டு நாளா இந்த ஆபீஸையே நிறுத்தி வெச்சது எவன் செஞ்சது?”

மரகதம் யோசித்துப் பார்த்தாள். மதியத்திலிருந்து அவர் அடித்துக்கொண்ட பெருமையில் இதுதான் பொய்யில்லாத ஒன்று.

நாலு மணிக்கு அவினாசிக்காரர்கள் வந்தார்கள். பழைய அப்ளிகேஷன் ஓடுவதைக் கண்குளிரப் பார்த்தார்கள். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மரகதம் பக்கம் திரும்பினார். “சரிங்க அம்மிணி, புதுசு எந்த அளவுல இருக்குது?”

குழந்தைவேலு வாயைத் திறந்தார். மரகதம் முந்திக்கொண்டாள்.

“தொண்ணூத்தொம்பது சதவீதம் முடிஞ்சிருச்சுங்க.”

அவள் இன்னும் ஒரு வரிகூட எழுத ஆரம்பித்திருக்கவில்லை.