பனிக்குள் நீண்ட கை

மலையடிவாரத்துச் சந்தை அது. விடிந்த பிறகும் கடைகள் மூடுபனிக்குள் மேகம்போல மிதந்துகொண்டிருக்கும். பருப்பு விற்பவர்கள் நால்வர். நால்வரிடமும் ஒரே விலை, படி நாலு பணம். போன மாதம் இரண்டாக இருந்தது.

பருப்புப் புடைக்கும் பூவாத்தாள், சோர்ந்து கிடந்த பிள்ளையை இடுக்கிக்கொண்டு பெரிய வியாபாரி சங்கரலிங்கத்திடம் போனாள்.

"குறைச்சுக் குடுங்க மொதலாளி. புள்ளை மூணு நாளா வெறுங்கஞ்சிதான் குடிக்குது."

"விலையை நானா வைக்கிறேன்? காலம் வைக்குது! குறைச்சு விக்கிற கடை ஒண்ணைக் காட்டு, ஒரு மூட்டை சும்மாவே தர்றேன். இல்லேன்னா இந்தப் பக்கம் தலைகாட்டாதே!" என்று சந்தையே கேட்கக் கத்தினார்.

மொத்த வியாபாரத்தை அங்கே வாய்திறந்து பேசுவதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை முடிப்பார்கள். மறுநாள் பனிக்குள்ளிருந்து துண்டு போர்த்திய கை ஒன்று அவரிடம் நீண்டது. காய்த்துப்போன முரட்டுக் கை. ஐந்து விரலையும் இருமுறை அழுத்தி, பத்து வண்டிச் சரக்கு கேட்டது.

சங்கரலிங்கம் அக்கம்பக்கம் பார்த்தார். நாலுக்குக் குறைப்பதில்லை என்று அவரோடு கூடிப் பேசியிருந்த மற்ற மூவரும் கண்ணில் படவில்லை. சட்டென்று இரண்டு விரலைப் பிடித்தார். இரண்டே பணம்!

அந்தக் கை அவரை விடவில்லை. மெல்ல வெயில் ஏறிப் பனி கரைந்தது. எதிரே பூவாத்தாள் நின்றாள். சந்தையே பார்க்கத் துண்டை உருவினாள்; அவர் பிடியில் அவளுடைய இரண்டு விரல்.

"குறைச்சு விக்கிற கடையைக் காட்டச் சொன்னீங்களே மொதலாளி, இந்தாங்க, கையும் பிடியுமா காட்டிட்டேன்."

மற்ற மூவரும் பாய்ந்து வந்தார்கள். "எங்களை நாலுல நிக்கவெச்சுட்டு நீரு ரெண்டுக்கு விக்கிறீராக்கும்?"

சந்தையே சிரித்தது. கோபத்தில் ஆளுக்கொரு விலை கூவினார்கள். உச்சிப்பொழுதுக்குள் பருப்பு ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. சங்கரலிங்கம் சொன்ன மூட்டையும் வந்துசேர, பூவாத்தாள் வீட்டில் பருப்புப் பானை கொதித்தது. பிள்ளை அடுப்படியைவிட்டு நகரவேயில்லை.