தேரை நிறுத்தச் சொன்னது யார்?

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்றொரு சீமையைச் செண்பகமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் நினைத்தது மாலைக்குள் முடிந்தாக வேண்டும் என்பான். முடியாவிட்டால் யார் தலை உருளும் என்று அவனுக்கே தெரியாது.

அந்த ஊர்த் தேர் மகா பெரிது. நானூறு பேர் வடம் பிடித்தால்தான் அசையும். இழுக்கிறவர்களை ஊரே பார்க்கும். கட்டை போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஓடுகிற சக்கரத்தை ஒட்டியே நடந்து, சமயம் பார்த்து முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புகிறவனும் நிறுத்துகிறவனும் அவன்தான். அந்த வேலை சடையாண்டியுடையது.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தைய வருஷம் தேரோட்டத்தை நடத்தியவர் அமைச்சர் அறவாழியார். இளகின மனசுக்காரர். யார் முகம் வாடினாலும், "போய்ப் படுத்துக்கொள்ளப்பா" என்று அனுப்பிவிடுவார். தேர் நிலைக்கு வந்துசேரப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை தெற்கு வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளை வலி எடுத்த ஒருத்தியைக் கொல்லைச் சுவருக்கு மேலே தூக்கித்தான் மருத்துவச்சி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இதுதான் சாக்கு என்று சேனாதிபதி மழவராயர் அரசனிடம் போனார். அமைச்சர் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "என்னிடம் விடுங்கள் மகாராஜா. ஒரே பகலில் தேரை நிலையில் நிறுத்துகிறேன்" என்றார். அரசனுக்குக் கேட்கவே இனித்தது.

மழவராயர் சொன்னபடிதான் ஆரம்பித்தார். தண்ணீருக்குக்கூட நிற்கவிடவில்லை. உச்சி வெயிலில் ஒருவன் மயங்கிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தான். சடையாண்டி யாரையும் கேட்காமல் கட்டையைப் போட்டான். விழுந்தவனுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. நின்ற தேர் பிறகு நகரவில்லை. நானூறு பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சபை கூடியது.

"உத்தரவில்லாமல் தேரை நிறுத்தியது இவன் கை. அந்தக் கையை வெட்ட வேண்டும்" என்றார் மழவராயர்.

சடையாண்டி கைகூப்பினான். "விழுந்தவன் முகத்தைப் பாத்தேன் மகாராசா. உத்தரவு கேக்க நேரமில்ல. இந்தக் கை போயிட்டா எனக்கு வேற பொழப்புத் தெரியாது சாமி."

அரசன் இளகவில்லை. "இன்று மறுபடியும் தேர் ஓடட்டும். பொழுது சாய்வதற்குள் நிலைக்கு வராவிட்டால் இவன் கை போகும். இன்றைக்கும் தேரை நடுவழியில் நிறுத்தியவன் எவனானாலும் அவன் கையும் போகும்."

அறவாழியார் எழுந்தார். "எவனானாலுமா மகாராஜா?"

"எவனானாலும். இது அரச வாக்கு."

"அப்படியானால் எனக்கு இரண்டு வேண்டுதல். சடையாண்டி வேலையில் குறை கண்ட மழவராயரே இன்று கட்டை போடட்டும். அடுத்தது, மகாராஜா வடத்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டுப் பல்லக்கு ஏறுவது வழக்கம். இன்று தெற்கு வீதித் திருப்பம் வரை தாங்களே பிடித்து வர வேண்டும். தேர் நிலை சேராவிட்டால் என் முத்திரை மோதிரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

அரசனுக்குத் தன் தோள்வலிமையில் பெருமை உண்டு. சரியென்றான். அமைச்சர் வெளியே வந்து, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டையோடு தயாராக நிற்கும்படி சடையாண்டியிடம் சொல்லிவைத்தார்.

வடம் பிடித்துப் பத்தடி போவதற்குள் அரசனின் உள்ளங்கை உரிந்தது. திருப்பத்துக்கு முன்னால் வீதி சரிவாக இறங்கும். அங்கே யாரும் இழுக்காமலே தேர் நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டதும் முன்வரிசைக்காரர்கள் ஓடினார்கள். அரசனும் ஓடினான். பக்கத்தில் ஓடிய ஒரு கிழவன் கால் இடறி விழுந்தான். அவனைத் தூக்கக் குனிந்த அரசன் திரும்பிப் பார்த்தான். சக்கரம் வந்துகொண்டிருந்தது.

"கட்டை! கட்டையைப் போடு! நிறுத்து!" என்று அலறினான்.

மழவராயர் கையில் கட்டை இருந்தது. போட்டால் கை போகும் என்ற நினைப்பா, சக்கரத்தைக் கண்ட பயமா, விறைத்துப்போய் நின்றார். சடையாண்டி பாய்ந்தான். கட்டை கிறீச்சிட்டது. அரசனின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளித் தேர் நின்றது.

அமைச்சர் மெதுவாக வந்தார்.

"மகாராஜா, தேரை நிறுத்தச் சொன்னது யார்?"

அரசன் உரிந்து ரத்தம் கசிந்த தன் கையைப் பார்த்தான். வெட்கத்தில் அவன் கண் கலங்கியது. "நான்தான்" என்றான். "அந்த உத்தரவும் நான் போட்டதுதான். அது இந்த நிமிஷத்தோடு ரத்து."

"என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்" என்றார் அறவாழியார். "இழுக்கிறவர்களுக்காக இரங்கியே போன வருஷம் தேரை வீதியில் விட்டேன். சுவரேறிப்போன அந்தப் பெண் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தேரும் போக வேண்டும், ஆளும் பிழைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவன் சக்கரத்தடியில் நிற்கிறான். இன்று அவன் சொல்லட்டும், நாம் கேட்போம்."

அரசன் தலையசைத்தான். சடையாண்டி திருப்பத்தில் எல்லோரையும் மோர் குடிக்கவிட்டான். ஒருவன் அங்கேயே கால் நீட்டிப் படுக்கப் பார்த்தபோது, "எந்திரிண்ணே, நெலைக்குப் போய்த் தூங்கலாம்" என்று கைகொடுத்துத் தூக்கினான். பொழுது சாய ஒரு நாழிகை இருக்கும்போதே தேர் நிலையில் நின்றது.

அரசன் தன் தங்கக் காப்பைக் கழற்றி, வெட்டச் சொன்ன அதே கையில் போட்டுவிட்டான். மழவராயர் இனி வருஷந்தோறும் சடையாண்டிக்குப் பின்னால் கட்டை சுமந்து வர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அறவாழியார் மோதிரத்தோடு நேரே தெற்கு வீதிக்குப் போய், அந்தக் குழந்தையின் தாயிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுவருஷம் தேரன்று வடத்தின் நுனியைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். செண்பகமாறன் அதைத் தாண்டிப் போய், குனிந்து, முதலில் கட்டையைத் தொட்டுக் கும்பிட்டான்.